சாமியார் வண்டி

பிப்ரவரி 7, செவ்வாய்

அப்பா இன்று டயாலிசிஸுக்குப் போகவில்லை.

காரணம், பஸ்ஸில் கூட்டம். பொய் இல்லை. கீரனூரில் காலை பஸ் காலியாக வந்து நான் பார்த்ததில்லை. அதே பஸ்ஸில்தான் நானும் திருச்சிக்குப் போகிறேன், ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக. கௌரவம் பதவியின் பெயரில். பயணம் நின்றுகொண்டு.

செவ்வாயும் வெள்ளியும் அவருடைய நாள்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம், இடது கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் மெஷின். ஒன்றரை வருடமாக.

“வெள்ளிக்கெழம சேத்துப் பாத்துக்கலாம்” என்றார். ரத்தம் என்ன வீட்டுப்பாடமா?

அம்மா தட்டை வைத்த சத்தமே போதும்.

பிப்ரவரி 11, சனி

நேற்று போனார். திரும்பும்போது, மாத்தூர் தாண்டி, பஸ்ஸில் வாந்தி.

கண்டக்டர் அப்பாவிடம் கணக்குப் படித்தவராம். “ஒண்ணுமில்ல சார், நீங்க ஒக்காருங்க சார்” என்று அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். டிக்கெட் காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது டிக்கெட் காசைப் பற்றி மட்டும்.

சிங்கப்பூரிலிருந்து தம்பி டேவிட். “அக்கா, ஒரு கார் வாங்கிரு. பாதி நான் தாரேன். பழசு போதும். ஆனா நடுவழியில நிக்காத வண்டியா பாரு.”

பாதிப் பணம் அவனுடையது. ‘பாரு’ முழுக்க என்னுடையது. லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமாகிறது, அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்பதை அவனுக்கு நினைவுபடுத்தவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

படித்தவள் எப்படித் தொடங்குவாள்? அட்டவணையோடு. மாலை முழுக்க லேப்டாப்பில். வண்டியின் வயது, ஓடிய தூரம், கிளட்ச் மாற்ற எவ்வளவு, டயருக்கு எவ்வளவு.

அப்பா எட்டிப் பார்த்தார். “இது என்ன பாப்பா, மார்க் இல்லாம?” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நம்பகத்துக்கு அறுபது, ரிப்பேர் செலவுக்கு நாற்பது. பாஸ் மார்க் முப்பத்தைந்து. “கருணை மார்க் கெடையாது. சொல்லிட்டேன்.”

எங்கிருந்தோ ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து வந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகம் இவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

பொன்னமராவதி. முதல் வண்டி. ஏழு வருடம் பழசு, ஓட்டமே இல்லை. மகன் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். பெரியவர் வாரம் தவறாமல் துடைக்கிறார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

“இதுல யாரும் ஒக்காந்ததே இல்லம்மா.”

எலிகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், உண்மை. பானட்டுக்குள் தேங்காய் நாரும் துணியும் வைத்து அழகான கூடு. ஒயர்கள் பாதி காணோம். பெரியவர் என்னைவிட அதிகமாக அதிர்ந்துபோனார். பானட்டை ஒருநாளும் திறந்ததில்லையாம். வெளியில்தானே தூசி.

ஒரு பொருளை இவ்வளவு மதித்தும் கெடுக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். நின்றுகொண்டு.

அப்பா பதினெட்டு போட்டார்.

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். கோயிலிலிருந்து வந்த அப்பா அலமாரிக் கண்ணாடியில் தன் நெற்றியின் சாம்பல் சிலுவையைப் பார்த்தார். “எஃப்.சி. தேதி முடிஞ்சிருச்சுன்னு சீல் வச்சு அனுப்பிட்டாங்க.”

அம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். பிறகு இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

திருச்சியில் ஒரு பழைய கார் வியாபாரி. அவர் என்னிடம் பேசவில்லை. எனக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டிய யாரோ ஓர் ஆணிடம் பேசினார்.

“வீட்ல ஜென்ட்ஸ் யாரும் வரலியா மேடம்?”

“தம்பி சிங்கப்பூர்ல.”

“அப்ப வீடியோ கால் போடுங்க.”

போட்டேன். இருவரும் இன்ஜின் பற்றிப் பேசித் தீர்த்தார்கள். நான் போனைப் பிடித்திருந்தேன். கை வலித்தது. சும்மா இருந்த மற்றக் கையால், எங்கோ வீடியோவில் பார்த்தபடி, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். அடியில் ஒரு சேற்றுக் கோடு. வெள்ளத்தில் கிடந்த வண்டி.

“அது டிசைன் மேடம்.”

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. “பதிலுக்கு மட்டும் அஞ்சு மார்க். வண்டிக்கு சைபர்.”

மார்ச் 24, வெள்ளி

அப்பா போகவில்லை.

“அதான் கார் வரப்போகுதுல்ல. அதுலயே போய்க்கலாம்.”

ஏப்ரல் 1, சனி

கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கீரனூர் ஷர்லி டீச்சரின் கார். பெட்ரோல். மகளோடு இருக்க வெளியூர் போகிறார், அதனால் விற்கிறார். சர்வீஸ் தவறியதில்லை. டயர் புதிது. கீரனூர் மெக்கானிக் ஆத்மநாதனைக் கூட்டிப் போனேன். கீழே படுத்து, மேலே தட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். “கண்ண மூடிட்டு எடுங்க. பத்து வருசம் ஓடும்.”

பத்து வருடம் என்பதை அப்பாவிடம் இருமுறை சொன்னேன்.

அவர் வண்டியின் படத்தை நெடுநேரம் பார்த்தார். சிவப்புப் பேனா. இருபத்தெட்டு.

“எதுலப்பா கொறச்சீங்க?”

“பொதுவா.”

முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவர். பொதுவாக மார்க் குறைப்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 10, திங்கள்

டீச்சர் காரை யாரோ வாங்கிவிட்டார்கள். டேவிட் திட்டினான். “நல்ல வண்டி எதுதான்கா ஒனக்கு? சொர்க்கத்துலேர்ந்து எறங்கணுமா?”

அட்டவணையில் அந்த வரியை அழித்தேன். அழிக்கும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன்? கார் வந்தால் ஓட்ட வேண்டியவள் நான். வாரம் இரண்டு நாள், அந்த வார்டு வாசலில். பஸ்ஸில் போகும்வரை அது அப்பாவின் நோய்.

ஏப்ரல் 23, ஞாயிறு

பூசை முடிந்து அறிவிப்பு. எங்கள் பங்குக் கோயிலின் சார்லஸ் ஃபாதருக்கு மே கடைசியில் மாற்றல். போகும் இடத்தில் வேறு கார் இருப்பதால் தன் வெள்ளை டீசல் வண்டியை விலைக்குக் கொடுத்துவிடப் போகிறார். வேண்டுபவர்கள் கேட்கலாம்.

கோயில் வாசலைத் தாண்டுமுன் அம்மா முடிவு செய்துவிட்டாள். “சாமியார் வண்டி. ஒரே ஓனரு. இதவிட என்ன வேணும் ஒனக்கு?”

“ஆத்மநாதன ஒரு தடவ பாக்கச் சொல்லிட்டு...”

அம்மா நின்றுவிட்டாள். “சாமியார் வண்டிக்கு மெக்கானிக்கா? தோமையாரு மாதிரி வெரல விட்டுப் பாத்தாத்தான் நம்புவியோ?”

உயிர்த்த சேசு தன் காயத்துக்கு நீண்ட அந்த விரலைத் தடுக்கவில்லையே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மதிய உணவு அவள் கையில்.

ஏப்ரல் 27, வியாழன்

மெக்கானிக்கைக் கூட்டிப் போகக் கூடாது. விசாரிக்கலாம் அல்லவா? ஒரே ஓனர் என்பது காகிதத்தில். நிஜத்தில் அந்த வண்டியில் ஏறாத குடும்பம் இந்தப் பக்கத்தில் இல்லை.

கோயில் உபதேசியார்: “தங்கமான வண்டி. குளத்தூர் போறப்ப ஒரே ஒரு தடவ நின்னுச்சு. அதுவும் தள்ளுனவுடனே எடுத்துருச்சு.”

பால் ஊற்றும் முனியாயி, மகளைப் பிரசவத்துக்கு அதில்தான் கொண்டுபோனாள். “சாமியாரு மட்டும் இல்லன்னா எம் பொண்ணு இல்ல. கொற சொல்லப்புடாது. ஒரே ஒரு தடவ, ரயில்வே கேட்டுல. நானும் எறங்கித் தள்ளுனேன்.”

“மகள்?”

“அவ உள்ளதான் இருந்தா. கத்திக்கிட்டு.”

பாடகர் குழு மோகனப்ரியா: ஒரே ஒரு தடவை, ஆவூர்த் திருவிழாவுக்குப் போகும்போது. விவசாயிகள் கூட்டத்துக்குப் போனவர்கள், ஒரே ஒரு தடவை.

கடைசியில் ஆத்மநாதனிடமே கேட்டேன். இத்தனை வருடம் அந்த வண்டியைப் பழுது பார்த்தவர். “எதுக்குங்க என்ன வம்புல மாட்டி விடுறீங்க? சாமியார் வண்டி. நான் என்னத்தச் சொல்ல?” பிறகு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “நிக்கும். ஒரே ஒரு தடவ.”

ஆளுக்கொரு தடவை. யாரும் பொய் சொல்லவில்லை. கூட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு மட்டும்தான்.

மே 2, செவ்வாய்

போகவில்லை. போன வெள்ளியும் போகவில்லை. காரணம் கேட்பதை நிறுத்திவிட்டோம். செருப்பில் கால் நுழையவில்லை, அவ்வளவு வீக்கம்.

அட்டவணையில் டேவிட் அனுப்பிய மூன்று வண்டிகளைச் சேர்த்தேன். என்ன செய்கிறேன் நான்?

மே 4, வியாழன்

மதியச் சாப்பாட்டின்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அம்மா செருப்பில்லாமல் சாமியார் பங்களாவுக்கு ஓடினாள்.

சார்லஸ் ஃபாதர் கைலியோடு வந்தார். வெள்ளை டீசல். பின் சீட்டில் அப்பா என் தோளில். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு ஏறுகிற மாதிரி. மாத்தூர் வந்தது, போனது. அம்மா செபமாலை. நான் — வண்டி நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது. அதுவும் செபம்தானே. நிற்கவில்லை.

வார்டில் புவனேஸ்வரி சிஸ்டர் அப்பாவின் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி மேலே வரவில்லை.

“எத்தன டயாலிசிஸ் விட்டீங்க சார்?”

அப்பா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். “ஒரே ஒரு தடவதாம்மா.”

பங்கு முழுக்கக் கேட்ட அதே குரல். அதே மரியாதை.

மே 5, வெள்ளி

அப்பா தேறிவிட்டார். இட்லி கேட்கிறார்.

நேற்று நடந்ததில் ஒன்றை எழுத விட்டுவிட்டேன். அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு வாசலுக்கு வந்தேன். ஃபாதரின் வண்டி போர்ட்டிகோவில் உறுமிக்கொண்டு நிற்கிறது. செக்யூரிட்டி கத்துகிறார். “ஆஃப் பண்ணிட்டு அங்கிட்டுப் போடுங்க சார்!” ஃபாதர் கும்பிடுகிறார், சிரிக்கிறார், ஆஃப் பண்ணவில்லை.

“ஏன் ஃபாதர் ஆஃப் பண்ணல?”

சுற்றிலும் பார்த்தார். “சூடா இருக்கப்ப ஆஃப் பண்ணா திரும்ப எடுக்காதும்மா. ஸ்டார்ட்டர் ரெண்டு தடவ மாத்தியாச்சு. தள்ளுனாத்தான் உண்டு.” தொடங்கியவர் நிறுத்தவில்லை. ஏசி போய் வருடங்கள் ஆயிற்று. இடது பின் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது. “எட்டு வருசத்துல நான் கை வைக்காதது ஹாரன் ஒண்ணுதான். அது நல்லா அடிக்கும்.”

“அறிவிப்புல சொல்லலியே ஃபாதர்.”

“ஒருத்தரும் கேக்கலியேம்மா. கேட்டா சொல்லலாம்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். நீ வாங்காத.”

மற்றவர்கள் பாவத்தை ஒப்புக்கொள்ளக் கேட்பவர், தானே பாவசங்கீர்த்தனம் செய்தார். கேட்டது நான். என்ன பரிகாரம் கொடுப்பதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டேன்.

மே 7, ஞாயிறு

எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். ஸ்டார்ட்டர், ஏசி, கதவு, எண்ணெய். கடைசியாக, ஃபாதரே வாங்க வேண்டாம் என்றார் என்று.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா? எந்த வியாபாரியாவது இப்புடிச் சொல்லுவானா? அந்த வண்டிதான்டி வேணும்.”

நான் தர்க்கம் கற்பிக்கும் பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இல்லை.

மே 9, செவ்வாய்

அப்பா ஃபெயில் போடுவார் என்று நம்பியிருந்தேன். போட்டது முப்பத்தாறு.

“தள்ளுனாத்தான் எடுக்கும்ப்பா. பாஸா?”

“ஆத்மநாதன் என்ன சொல்றான், இன்னும் எத்தன வருசம் ஓடும்?”

“மூணு. மிஞ்சிப் போனா நாலு.”

“அதான்.”

புரியவில்லை. அல்லது, புரிந்துவிடக் கூடாது என்று அங்கேயே நின்றேன். அவர் பேனாவின் மூடியைப் போட்டார், எடுத்தார்.

“டீச்சர் காரு பத்து வருசம் ஓடும்னு ரெண்டு தடவ சொன்ன பாப்பா. பத்து வருசம் அதுல யாரு போறது? தம்பி பணம், ஒம் பணம். நான் போனப்புறமும் அது வாசல்ல புதுசா நிக்கும். நீ காலேசுக்குப் போறப்ப வாரப்பல்லாம் அதப் பாக்கணும்... வேணாம். எனக்கு மிஞ்சுற வண்டி வேணாம். இதுன்னா எங்க ரெண்டு பேருக்கும் கணக்குச் சரியா வரும்.”

நல்ல வண்டிகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றும் அவரைவிட நீண்ட நாள் இருக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க மாணவருக்கு உரிமை உண்டு. மகளுக்கு?

மே 14, ஞாயிறு

விலை பேச ஃபாதரிடம் போனோம். உலகத்தில் இப்படி ஒரு பேரம் நடந்திருக்காது. ஃபாதர் ஒரு விலை சொன்னார். உடனே, ஏசி இல்லாததற்குக் கொஞ்சம் குறைத்தார்.

“அதெப்புடி சாமி, ஒங்களுக்கு நட்டமாகும்ல” என்று அம்மா ஏற்றினாள்.

ஃபாதர் கதவுக்காகக் குறைத்தார். அம்மா முனியாயி மகளின் பிரசவத்துக்காக ஏற்றினாள். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார்கள். இருவருக்கும் வருத்தம்.

மே 17, புதன்

அப்பாவுக்குத் தெரியாமல் ஆத்மநாதனிடம் போனேன்.

“இந்த வண்டி மூணு வருசத்துக்கு மேல ஓடணும்னா என்ன செய்யணும்?”

இன்ஜினைப் பிரிக்க வேண்டுமாம். செலவைச் சொன்னார். வண்டி விலையில் பாதி. என் அட்டவணைப்படி இது முட்டாள்தனம். எந்த அட்டவணைப்படியும். “இந்தக் காசுக்கு வேற வண்டியே பாக்கலாமே தங்கச்சி?”

“இல்ல. இதத்தான்.”

“அப்ப எட்டு வருசத்துக்குக் கேள்வி இல்ல. ஸ்டார்ட்டரு மட்டும் நம்ம கையில இல்ல. ஒங்க மாதா விட்ட வழி.”

அப்பாவிடம் ‘சர்வீஸ்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மே 28, ஞாயிறு

ஃபாதரின் கடைசிப் பூசை. பூசை முடிந்து வண்டியை மந்திரித்தார். விற்றவரே மந்திரித்த வண்டி. தீர்த்தத்தை மற்ற இடங்களில் இரண்டு துளி தெளித்தவர், ஸ்டார்ட்டர் இருக்கும் பக்கம் மட்டும் தாராளமாகக் கவிழ்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 2, வெள்ளி

நான் ஓட்டினேன். போனோம், வந்தோம். நாற்பதுக்கு மேல் போகவில்லை. பஸ் எங்களை முந்திப் போனது. அப்பா அதற்குக் கை காட்டினார்.

ஜூன் 6, செவ்வாய்

நின்றது. இல்லை, நேர்மையாக எழுது. நான் நிறுத்தினேன். கீரனூர் தாண்டி, முன்னால் ஆடு வந்தது. பிரேக்கை மிதித்தேன், கிளட்ச்சை மறந்தேன். இன்ஜின் அணைந்தது. பிறகு சாவியைத் திருப்பினால் ‘டிக்’. ‘டிக்’. வெயில். பின்னால் லாரி. டயாலிசிஸுக்கு நேரமாகிறது. நான் அழத் தொடங்கிவிட்டேன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

எங்கிருந்து வந்தார்கள்? பைக்கில் போன இருவர், டீக்கடையிலிருந்து நால்வர், பதநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மா. யாரையும் நான் கூப்பிடவில்லை.

“சாமியார் வண்டி! எறங்காத தாயி. ரெண்டாவது கியரப் போடு. கிளட்ச்ச நாங்க சொல்றப்ப விடு.”

நன்றாகப் பழகிய கைகள். மூன்றாம் உந்தலில் எடுத்தது. அப்பா பாதி இறங்கியிருந்தார், தள்ளுவதற்காம். நால்வரும் சேர்ந்து அவரைத் திரும்ப உள்ளே வைத்தார்கள்.

மாத்தூர் தாண்டினோம். பிறகு அப்பா, ஜன்னல் பக்கம் திரும்பியபடி:

“எட்டு வருசமாமே.”

நான் கியரை மாற்றினேன்.

“ஆத்மநாதன் நேத்து போன்ல சொல்லிட்டான். ‘சார், இனி ஒங்களுக்குக் கவல இல்ல’ன்னு.”

“ஆமாப்பா.”

“ஃபிராடு.” கொஞ்ச தூரம் போன பிறகு, “விடைத்தாளத் திருத்தக் குடுத்தா விடையவே திருத்திட்ட.”

சரியான நேரத்துக்குச் சேர்ந்தோம். நான்கு மணி நேரத்தில் வண்டி ஆறியிருந்தது, சாவிக்கே எடுத்தது.

வாசலில் அம்மா. “வண்டி எப்புடி? எங்கயும் நின்னுச்சா?”

நான் வாயைத் திறக்குமுன் அப்பா: “தங்கமான வண்டி. ஒரே ஒரு தடவ.”

ஜூன் 9, வெள்ளி

காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஹாரன். நீளமாக. தெரு நாய்களெல்லாம் எழுந்துவிட்டன.

ஜன்னல் வழியே பார்த்தேன். அப்பா. முன் சீட்டில், பெல்ட் போட்டு, ஆஸ்பத்திரிப் பை மடியில். ஒரு கை ஸ்டியரிங்குக்கு நீண்டிருக்கிறது.

“வாரா, வாரா! ஊரக் கூட்டாதீங்க” என்று அம்மா உள்ளிருந்து கத்துகிறாள்.

மறுபடியும் அடிக்கிறார். ஃபாதர் சொன்னது சரி. நன்றாகத்தான் அடிக்கிறது.